எண்ணரசரின் ஒன்பது

எண் ஜோதிடர் எண்ணரசரைப் பார்க்க மாடிப்படி முழுக்கக் கூட்டம். கல்யாணம் தள்ளிப்போனவர்கள், வேலை போனவர்கள், விசா கிடைக்காதவர்கள் என்று ஊரே நின்றது. கல்லூரியில் எண் கோட்பாடு படிக்கிற ஒருவனும் நின்றான். வீட்டில் அவனுக்குக் கணக்குப்புலி என்று பெயர். போன தேர்வில் புலி நூற்றுக்குப் பதினொன்று வாங்கியிருந்தது. மறுதேர்வுக்கு நான்கு நாள்தான் பாக்கி.

எண்ணரசர் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் அழைத்தார். புலியின் பிறந்த தேதி, மாதம், வருடத்தை ஒரே எண்ணாக எழுதச் சொன்னார். அதைத் திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டச் சொன்னார். ஒன்பது வந்தது.

"ஆயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் தம்பி இது வரும்."

மறுதேர்வு நாள் ஒன்பதுக்குப் பகையாம். அன்றைக்குப் பேனாவைத் தொடவே கூடாதாம். அவர் தரும் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த வருடம் எழுதினால் முதல் மதிப்பெண்ணாம். எண்ணை வெளியே சொன்னால் மட்டும் பலிக்காதாம். படிக்காமல் இருக்க இவ்வளவு கௌரவமான காரணம் கிடைத்ததில் புலிக்குக் கண் கலங்கியது.

வீட்டில் அக்கா துணி தைத்துக்கொண்டிருந்தாள். மோதிரத்தைப் பார்த்ததும் குடைந்து குடைந்து கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். பிறகு தையல் மெஷினில் பொறித்திருந்த எண்ணைச் சாக்கட்டியால் துணியில் எழுதினாள்: 48213. திருப்பினாள், கழித்தாள், கூட்டினாள். ஒன்பது.

"அப்போ மெஷினும் பரீட்சைக்குப் போகக்கூடாதாடா?"

அவனை இழுத்துக்கொண்டு அந்த மாடிக்கே போனாள். படியில் நின்று, உள்ளே போய்வந்தவர்களில் யாருக்கெல்லாம் ஒன்பது என்று உரக்கக் கேட்டாள். முதலில் ஆளாளுக்கு மோதிர விரலை மறைத்துக்கொண்டார்கள். அப்புறம் மோதிரம் போட்ட கை ஒன்று உயர்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. கடைசியில் மோதிரம் போட்ட எந்தக் கையும் கீழே இல்லை. திரையை விலக்கி எட்டிப்பார்த்த எண்ணரசர், அதற்குமேல் எண்ணாமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

திரும்பும் வழியில், அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தம்பி கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. போட்டுப் பாத்தேன்."

அன்று மாலை பாடப்புத்தகத்தைத் திறந்தான். மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது: ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படி மாற்றிப்போட்டுக் கழித்தாலும் விடை ஒன்பதால் வகுபடும்; அந்த விடையின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பதில்தான் நிற்கும். அதன் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு. போட்டவன் அவனேதான்.

தேர்வு எழுதினான்; ஐம்பத்திரண்டு வாங்கித் தேறினான். இப்போது தன் கதையைத் தானே சொல்லிச் சிரிக்கிறான். முடிக்கும்போது மறக்காமல் சொல்வது ஒன்றுதான்: "கோடு போட ஸ்கேல் போதுங்க. யோசிக்கத்தான் தலை வேணும்."