‘அவ்வளவுதான்’ ஆசாமி

கஞ்சனுக்கும் சோம்பேறிக்கும் ஊரில் தனித்தனியாகப் பெயர் உண்டு. ஆனால் அவர்களைவிட அதிகமாகப் பிறரைப் பாடுபடுத்துகிற ஒரு ரகத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. ஆகவே நாமே வைத்துவிடுவோம்: ‘அவ்வளவுதான்’ ஆசாமி.

இவருக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும், கோளாறே அதுதான். எதைத் தெரிந்துகொண்டாலும், அது தனக்கும் ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தது என்பதை அடியோடு மறந்துவிடுவார். சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று கேட்டால், “ஏறி உக்காரு, மிதி, அவ்வளவுதான்” என்பார். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு திரும்பி வந்தால், ஏன் விழுந்தாய் என்று உண்மையாகவே ஆச்சரியப்படுவார். அதில் துளிகூட நடிப்பு இருக்காது.

நாம் பார்க்கப்போகிறவர் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர். பகலெல்லாம் ஆபீசுக்கு உழைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் வீட்டில் வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜையைத் திணித்துக்கொண்டு, இரண்டு வருஷமாக ஒரு கருவி செய்தார். மற்றவர்கள் எழுதிய நிரலைச் சலித்து, எந்தப் பட்டன் அமுங்கவில்லை, எந்தக் கூட்டல் தப்பாக வருகிறது, எந்தப் பக்கம் பாதியில் உயிரை விடுகிறது என்றெல்லாம் புட்டுப்புட்டு வைக்கிற கருவி. பெயர் ‘சல்லடை’. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது என்று ஊருக்கே திறந்து வைத்திருந்தார். நல்ல மனசு, அதில் குறை சொல்ல முடியாது.

பெயரை யோசிக்க அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. கருவியின் சின்னத்துக்கு எந்த நீலம் என்று மனைவியைக் கேட்டுக் கேட்டு, அவள் நீலத்தையே வெறுக்கும்படி செய்தார். கருவியைப் பயன்படுத்துவது எப்படி என்ற விளக்கப் பக்கத்துக்கு மட்டும் டீத்தண்ணீர் கொதிக்கிற நேரம் போதுமாயிருந்தது. முழுப் பக்கமும் இதோ: ‘சல்லடையை இறக்கிக்கொள்ளுங்கள். கோப்பைக் கொடுங்கள். ஓட்டுங்கள். அவ்வளவுதான்.’

எத்தனை பேர் பயன்படுத்தினார்கள்? அவர் ஒருவர்தான். தினமும் பல் விளக்குவதற்கு முன்பே, யாராவது வந்தார்களா என்று எட்டிப் பார்ப்பார். முகம் தெரியாத ஒரே ஒரு ஆள் ‘உங்கள் சல்லடையால் எங்கள் வேலை நடந்தது’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று மனுஷன் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தார். சிரிக்காதீர்கள், இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் கரைந்திருக்கின்றன.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணி தன் லேப்டாப்போடு வந்து சேர்ந்தாள். டிக்கெட் பதிவு செய்கிற கம்பெனி ஒன்றில், நிரல்கள் வெளியே போவதற்கு முன் தப்பு கண்டுபிடிப்பது அவள் வேலை. அதற்கு ஒரு கருவி வாங்கப்போகிறார்கள். விலைக்கு விற்கிறவன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறான். இலவசமாக உருப்படியானது ஏதாவது இருந்தால் நாளைக் காலைக்குள் சொல் என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். நம்மவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். அண்ணி அதைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“தம்பி, நீங்க பக்கத்துல உக்காருங்க, ஆனா வாயத் திறக்கக் கூடாது. எங்க ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கூடவே ஒரு கொழுந்தனார் வரமாட்டார்.”

அண்ணி விளக்கப் பக்கத்தைப் படித்தாள். படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இறக்கினாள். தன் நிரல் இருந்த கோப்பைக் கொடுத்தாள். ஓட்டினாள். ‘கோப்பு இல்லை’ என்றது சல்லடை. எந்தக் கோப்பு என்று பக்கத்தில் தேடினாள். இல்லை. மேலே போனாள், கீழே வந்தாள், வேறு ஏதோ ஒரு கோப்பைக் கொடுத்தாள். மறுபடியும் ‘கோப்பு இல்லை’. நம்மவர் நகத்தைக் கடித்தார், நாற்காலியில் நெளிந்தார், கடைசியில் வாய்ப்பூட்டை அவரே உடைத்துக்கொண்டு, அது செட்டிங்ஸ் கோப்பு, எல்லாரிடமும் இருக்குமே என்று கத்திவிட்டார்.

“எல்லார்கிட்டயும்னா, யார் குடுத்தாங்க தம்பி?”

நம்மவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் கோப்பை இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் கையாலேயே, தன் கம்ப்யூட்டரில் மட்டும் செய்து வைத்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. உலகத்தில் வேறு எவரிடமும் அது இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையணை உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதன் பிறகு சாயங்காலம் வரை ஒரே கூத்து. அண்ணி கேட்பாள், இவர் சொல்வார், சொன்னதை அவளே விளக்கப் பக்கத்தில் தட்டுவாள். கோப்பை எங்கே வைப்பது, அதற்குள் என்ன எழுதுவது, எழுத்துப் பிழை விழுந்தால் சல்லடை என்ன சொல்லும் என்று பக்கம் நீண்டுகொண்டே போயிற்று. இப்படியெல்லாம் விளக்கினால் படிக்கிறவர்களை முட்டாள்கள் என்று சொல்வதுபோல ஆகாதா என்று இவர் நடுவில் ஒருமுறை முரண்டு பிடித்தார். விலைக்கு விற்கிறவன் நாளைக்கும் வருவான் என்று அண்ணி நினைவூட்டியதும் அடங்கிவிட்டார். கடைசியில் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நிரல் என்றால் என்னவென்றே தெரியாத அவள், பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தாள். சல்லடை ஓடியது.

கம்பெனியும் அதையே எடுத்துக்கொண்டது. நம்மவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரமே, முகம் தெரியாத ஓர் ஊழியரிடமிருந்து அவர் இரண்டு வருஷமாகக் காத்திருந்த அந்த முதல் கடிதம் வந்தது. ‘வணக்கம். இவ்வளவு தெளிவான விளக்கப் பக்கத்தை நான் எங்குமே பார்த்ததில்லை. எழுதியவருக்கு மனமார்ந்த நன்றி.’ சல்லடையைப் பற்றி? மூச்சு இல்லை.

மறுபடி மறுபடி படித்துப் பார்த்தார். பிறகு, ‘ஏதோ மனதில் பட்டதை எழுதினேன்’ என்று அடக்கமாகப் பதில் போட்டார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் நிரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நிம்மதியாகக்கூட இருக்கலாம். இருக்கட்டும். போன தடவை உங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தவருக்குப் போனில் எப்படி வழி சொன்னீர்கள்? “நேரா வாங்க, நம்ம மருந்துக்கடை வரும், அங்க திரும்பினா வீடு தெரியும்.” எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். எதற்கும் கொஞ்சம் எழுந்து போய்த் தெருவை எட்டிப் பாருங்கள், பாவம் அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கப்போகிறார்.