ஐந்துக்கு ஒன்று வாங்கிய சிறுநீர்

மதிப்பிற்குரிய மிட்சுயோ அக்காவுக்கு,

மிட்டோவில் பிளம் மரங்கள் பூக்கத் தொடங்கிவிட்டன. காலைக் குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். என் மனைவி ஹருயோ பன்னிரண்டு நாட்களாக உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பதற்கு, அவள் கணவன் என்ற முறையில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறேன். நான் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டும்படி வேண்டுகிறேன்.

அவள் ஏன் வந்தாள் என்று முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். இந்த வயதில் பெண்களுக்கு வரும் உடல் சூடு இரண்டு வருடமாக அவளைப் படுத்துகிறது அல்லவா, அதற்காக டாக்டரம்மா ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். காலைச் சிறுநீரைச் சின்னக் குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்பினால், நாம் சாப்பிடும் சோயாவிலிருந்து குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டைத் தணிக்கும் ஈக்வால் என்ற நல்ல பொருளைத் தயாரிக்கின்றனவா என்று சொல்லிவிடுவார்கள். ஹருயோ சிரித்தாள். “எனக்கு எதுக்குங்க டெஸ்டு? நாட்டோக் கடைக்காரர் பொண்ணு நான்” என்றாள். உண்மைதானே, உங்கள் அப்பா கடையின் புளித்த சோயாவைப் பால்பல் முளைத்த நாளிலிருந்து தினமும் பிசுபிசுவென்று நூல் இழுக்க இழுக்கச் சாப்பிட்டவள். முடிவு வந்தது. ஐந்துக்கு ஒன்று, அதாவது தயாரிப்பே இல்லை. நின்றபடியே படித்தாள், பிறகு தன் வயிற்றைக் குனிந்து பார்த்து, “இத்தனை வருஷமா வேளா வேளைக்குச் சோறு போட்டு வெச்சிருக்கேன், ஒருத்தனும் வேலை செய்யலைன்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். அன்று மாலையே, ஒன்பது வருடமாகத் தான் தலைமை தாங்கும் மாதர் சங்கத்து நாட்டோ விருந்தின் ஏப்ரனை மடித்துக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு குரோசு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். “அஞ்சுக்கு ஒண்ணு வாங்கினவ ஊருக்கு என்னத்தச் சொல்றது?” என்றாளாம். மறுநாள் உங்கள் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாள்.

அக்கா, இனி வருவது என் வாக்குமூலம். அந்தச் சிறுநீர் ஹருயோவுடையது அல்ல. பரிசோதனைக்கு அனுப்பிய அன்று காலை அவள் காகிதக் கோப்பையில் பிடித்து, கழிப்பறைக்குள் இருக்கும் சின்னத் தட்டில் வைத்துவிட்டுக் குப்பியை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்தீர்கள். தினமும் ஆறே முக்காலுக்குச் செய்வீர்களே, அதேதான். பேச்சு நீண்டது. நான் கண்ணாடி போடாமல் உள்ளே போனேன், கழிப்பறைக்கென்று வைத்திருக்கும் செருப்பில் என் கால் பாதிதான் நுழையும், அது வழுக்கியது, முழங்கை இடித்தது, கோப்பை கவிழ்ந்தது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஒரு பக்கக் கண்ணாடியில்கூடக் கீறல் போடாதவன் நான். வெளியே அவள் “சரிக்கா, வெச்சிடறேன்” என்று சொல்வது கேட்டது. பயத்தில் துடைத்துவிட்டு, என்னால் முடிந்ததைச் செய்து, கோப்பையைக் கோடு வரை நிரப்பிவிட்டு வந்தேன். அறுபத்தொரு வயதில் அவசரத்துக்கு வருவது அவ்வளவு சுலபமும் இல்லை. அவள் கோப்பையை எடுத்து, “ஆறிப்போயிருக்கும்னு நெனச்சேன், இன்னும் சூடா இருக்கே” என்றாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன்.

ஆக ஐந்துக்கு ஒன்று என்னுடையது. நாட்டோ நாற்றமே ஆகாத ஒசாகாவில் பிறந்து, இருபத்தெட்டு வருடமாக மூக்கைப் பொத்திக்கொண்டு மேஜையின் மறுகோடியில் சாப்பிடுகிறவனுக்கு அது சரியான மதிப்பெண்தான். ஏப்ரனைத் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். விருந்து இருபத்தெட்டாம் தேதி.

அத்தானுக்கு என் வணக்கங்கள். கால் சில்லிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
கிதாமோரி யசுனோபு

பின்குறிப்பு: இந்தத் தனித் தாள் உங்களுக்கு மட்டும். படித்ததும் கிழித்துவிடுங்கள். எதுவும் கொட்டவில்லை. செருப்பு எனக்குச் சரியாகவே இருக்கிறது. சிறுநீர் அவளுடையதுதான். சூடாக இருந்தது என்ற இடம் மட்டும் நேற்று யோசித்துச் சேர்த்தது, நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். முடிவு வந்த அன்றே பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து கேட்டேன். பாதிப் பேருக்கு இப்படித்தானாம், சாப்பாட்டில் குறையில்லையாம், யார் தப்பும் இல்லையாம். அதை ஹருயோவிடம் சொன்னால், “அந்தப் பாதியில எங்கப்பா பொண்ணு ஏன் இருக்கணும்?” என்று அழுதாள். அவள் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டில் எந்தக் குறையும் என்னுடையது என்றாகிவிட்டால் அவளுக்குத் தாங்கக்கூடியதாகிவிடும், அக்கா. இன்னொன்று. நானும் ரகசியமாக ஒரு குப்பி அனுப்பிப் பார்த்தேன். ஐந்துக்கு ஐந்து. அந்தக் காகிதம் என் பழைய பஸ் கையுறைக்குள் இருக்கிறது, நான் செத்தாலும் எடுக்காதீர்கள். செருப்பு வழுக்கும் இடம் வரும்போது அவள் சிரிப்பாள். அப்போது எனக்குப் போன் போட்டு, நீங்கள் ஒன்றும் பேசாமல், அவள் பக்கமாகப் பிடித்தால் போதும்.