டிவிஷனக்காவின் நாற்காலி

நாடாளுமன்றத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காமல் அதை முழுசாக நடத்திக் காட்டிய ஒரே பெண்மணி, இந்தியாவிலேயே எங்கள் டிவிஷனக்காதான். நம்பாதவர்கள் தொண்ணூறுகளின் கடைசியில், தேனியில் நாங்கள் இருந்த வேலைக்குப் போகும் பெண்கள் விடுதிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். பதின்மூன்று பேர், ஒரு டிவி, ஒரே ஒரு குளியலறை. ஜனநாயகம் வளர இதைவிடத் தோதான இடம் டெல்லியில்கூடக் கிடையாது.

அக்கா பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நாற்பது வயது, கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். சொந்தத் தங்கச்சி வளைகாப்புக்கே அரை நாள் லீவுதான் போட்டார். ஆனால் டெல்லியில் நம்பிக்கை வாக்கெடுப்பு என்றால் முழு நாள் லீவு. ஒரு கிண்ணம் பொரிகடலையோடு டிவி முன்னால் உட்கார்ந்தால், சபை கலையும் வரை எழுந்திருக்க மாட்டார். அந்த வருஷங்களில் ஆட்சிகள் அடிக்கடி ஆட்டம் கண்டதால் அக்காவின் லீவுக் கணக்கும் ஆட்டம் கண்டுகொண்டே இருந்தது.

பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லையே! ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வார்டனம்மா வழக்கம்போல, "நாளைக்கும் உப்புமாதான். எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார். வழக்கம்போல சரோஜா மட்டும் "சம்மதம்!" என்று கத்தினாள். சரோஜா ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள், அவள் ஒருத்தி கத்தினால் பத்துப் பேர் கத்தின மாதிரி இருக்கும். மற்றவர்கள் வழக்கம்போல தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.

"டிவிஷன்!" என்று அக்கா எழுந்து நின்றார்.

"என்ன விஷம்?" என்று வார்டனம்மா பதறிப்போய்ச் சட்டியைப் பார்த்தார்.

"விஷமில்லம்மா, டிவிஷன். குரல் வாக்கெடுப்புன்னா எவ சத்தமாக் கத்துறாளோ அவ ஜெயிச்சிருவா. அதுல எவளுக்காச்சும் சந்தேகம்னா எந்திரிச்சு டிவிஷன் கேக்கலாம். கேட்டா, தலைய எண்ணியே ஆகணும். டெல்லியில அப்படித்தான் எண்ணுறாக."

உப்புமா வேண்டும் என்பவர்கள் அடுப்படிப் பக்கம், வேண்டாம் என்பவர்கள் துவைக்கிற கல் பக்கம். அதற்கு முன்னால் மணி அடிக்க வேண்டுமாம். அக்கா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்த அடியில் எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. மணி நின்றதும் கதவைச் சாத்திவிடுவார், அப்புறம் யாரும் உள்ளே வரக்கூடாது. குளியலறையிலிருந்த லூர்து, தலை நிறைய சீயக்காயோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓடி வந்து துவைக்கிற கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அடுப்படிப் பக்கம் சரோஜா மட்டும் நின்றாள். வார்டனம்மா அசந்துபோனார்.

"ஏத்தா, இத்தன பேருக்குப் பிடிக்கலையா? இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"எண்ணிப் பாத்தாத்தானம்மா தெரியும்" என்றார் அக்கா.

டெல்லியில் ஆட்சி கவிழ்வது பெரிய விஷயமில்லை. எங்கள் விடுதியில் உப்புமா கவிழ்ந்ததே, அது சரித்திரம். அன்றைக்கு விழுந்த பெயர்தான் டிவிஷனக்கா.

அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. ஒருமுறை பெரியகுளம் பஸ்ஸில் கண்டக்டர், "பாட்டுப் போடலாமா?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்தார். அக்கா டிவிஷன் கேட்டு, பாட்டு வேண்டும் என்பவர்களை முன்பக்கமும் வேண்டாம் என்பவர்களைப் பின்பக்கமும் போகச் சொன்னார். பஸ் முழுக்க முன்பக்கம் பாய்ந்தது. "யம்மா, எல்லாரும் எம்மடியில வந்து உக்காந்தா வண்டிய யாரு ஓட்டுறது?" என்று டிரைவர் அலறினார்.

டெல்லியில் ஓட்டுப் போடப் பட்டன் இருக்கிறது, ஒரு கையால் ஒரு பட்டன், இன்னொரு கையால் இன்னொரு பட்டன், இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ஓட்டு விழும், அடுத்தவர் பட்டனை அழுத்தக் கை மிச்சம் இருக்காது என்று அக்கா ஒரு நாள் கண்டுபிடித்துச் சொன்னார். எங்களிடம் பட்டனுக்கு எங்கே போவது? ஆகவே சின்ன விஷயங்களுக்குக் கை தூக்கி ஓட்டுப் போடும்போது இன்னொரு கையால் சொந்த மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார். அப்படி நின்ற எங்களைப் பார்த்து கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தொல்லை தாங்காமல் வார்டனம்மா ஒரு தந்திரம் செய்தார். கூடத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "ஆத்தா, இனிமே நீதான் சபாநாயகர். அங்கன உக்காந்துக்க. சபாநாயகர் டிவிஷன் கேக்க முடியாதுல்ல?" என்றார்.

"கேக்க முடியாது. ஓட்டும் கிடையாது. ரெண்டு பக்கமும் சமமா வந்தா மட்டும் ஒரு ஓட்டு" என்று அக்கா பெருமையோடு போய் உட்கார்ந்தார். வார்டனம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியைப் பார்த்தோம்.

இனி என் கதை. நான் மதுரை ரோட்டில் ஓர் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற டி.டி.பி. வேலை பார்த்தேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகைகளை முடித்துவிட்டு வர பத்து மணி ஆகும். விடுதி கேட்டை ஒன்பதுக்குப் பூட்டிவிடுவார்கள். வார்டனம்மா இரக்கப்பட்டு எனக்கு ஒரு சாவி கொடுத்திருந்தார். சாவியில் குறையில்லை. கேட்தான் திறக்கும்போதெல்லாம் கோழியை அமுக்கின மாதிரி கத்தும். கேட்டை ஒட்டிய ஜன்னலோரம் கிடந்தது அக்காவின் கட்டில்.

"ஏண்டி ராயப்பன்பட்டி, ஊரையே எழுப்பிவிட்டுட்டுத்தான் நீ படுப்பியா?" என்பார். என் ஊர்ப் பெயர்தான் அக்காவுக்கு என் பெயர்.

"கேட்டு கத்துனா நான் என்னக்கா செய்ய? வாயைப் பொத்தவா முடியும்?"

அதோடு பேச்சு நின்றது. "சரோஜா, உப்பை இங்கன தள்ளச் சொல்லு அவகிட்ட" என்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. தினமும் காலையில் வார்டனம்மாவிடம் தூக்கம் போன புகார் மட்டும் தவறாமல் போகும்.

கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வார்டனம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையைக் கூட்டினார். "ஒம்பது மணிக்கு மேல வர்றவுக இந்த மாசத்தோட காலி பண்ணிரணும். சம்மதந்தானே?"

அப்படி வருவது நான் ஒருத்திதான். விடுதி போனால் வேலை போகும், தேனியில் தனியாக ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு யார் வீடு கொடுப்பார்கள்? ஊரில் அப்பா, "வேலை பாத்தது போதும், வந்துரு ஆத்தா. மாப்பிள்ளை தயாரா இருக்கு" என்று சொல்ல எப்போது சாக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தார்.

"சம்மதம்!" என்று சரோஜா கூரை அதிரக் கத்தினாள். இன்னும் நாலு குரல்கள் சேர்ந்தன. என் பக்கம் ஒரு குரலும் இல்லை.

நாற்காலியில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆம் என்பவர்கள் பக்கம் வெற்றின்னு நினைக்கிறேன்" என்றார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி, "நினைக்கிறேன்" என்றார். மறுபடி துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. டிவிஷன் கேட்க நாற்காலிக்கு உரிமை இல்லை, யாராவது ஓர் உறுப்பினர்தான் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"டிவிஷன்" என்றேன். ஈனஸ்வரத்தில்தான் வந்தது.

"கேட்டுச்சு!" என்று அக்கா கரண்டியை எடுத்துத் தட்டில் ஓங்கினார்.

நான் தனியாகத் துவைக்கிற கல் பக்கம் போய் நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. உட்கார்ந்த இடத்தில் வாயால் 'சம்மதம்' என்பது சுலபம். எழுந்து, என் முகத்தைப் பார்த்து, என்னைத் தாண்டி அடுப்படிக்கு நடப்பது அத்தனை சுலபமாக இல்லை போலிருக்கிறது. ஒருத்தி தயங்கித் தயங்கி என் பக்கம் வந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். அப்புறம், யார் வந்தாள் என்கிறீர்கள்? சரோஜா!

"நீதானடி சம்மதம்னு கத்துன?" என்றார் வார்டனம்மா.

"கத்துனேன். அதுக்காக இந்தப் புள்ளைய நடுத்தெருவுல விடுறதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுப்படிப் பக்கம் ஆறு பேர், எங்கள் பக்கம் ஐந்து. மணி ஓய்ந்து, அக்கா கதவில் கை வைத்த நேரத்தில், தலை நிறைய சீயக்காயோடு லூர்து பாய்ந்து வந்தாள். எதற்கு ஓட்டு என்று கேட்டாள், என் முகத்தைப் பார்த்தாள், துவைக்கிற கல்லைக் கட்டிப்பிடித்தாள்.

ஆறுக்கு ஆறு. சமம். இனி அக்காவின் ஓட்டுதான்! என் உயிர் போயே போய்விட்டது. இரண்டு மாதமாக என்னோடு பேசாத ஓட்டு அது.

அக்கா நாற்காலியில் போய் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "சமமா வந்தா, நாற்காலி இருக்கறத இருக்கறபடி விடணும். அதான் முறை. புள்ள இங்கனயே இருக்கட்டும்."

"என்னத்தா இது! தூக்கம் போச்சு, தூக்கம் போச்சுன்னு தினமும் சொன்னது நீதானே?" என்றார் வார்டனம்மா.

"அது நான் சொன்னது. இது நாற்காலி சொன்னது."

எத்தனையோ பெரிய மனிதர்கள் எத்தனையோ பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்ததைப் பிற்பாடு டிவியில் பார்த்துவிட்டேன். கால் விரிசல்விட்ட அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் எங்கள் அக்கா உட்கார்ந்திருந்த கம்பீரத்தை இதுவரை எங்கேயும் பார்க்கவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அழுதுகொண்டே கிட்டப் போய், "ரொம்ப நன்றிக்கா" என்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரோஜா, நான் இவகூடப் பேசுறதில்லன்னு சொல்லு" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டைத் தள்ளினேன். சத்தமே இல்லை. கீலைத் தொட்டுப் பார்த்தேன், விரலெல்லாம் எண்ணெய். அக்கா தலைக்குத் தேய்க்கிற கரிசலாங்கண்ணித் தைலத்தின் வாசம். அதற்கப்புறம் மூன்று வருஷம் நான் அந்த விடுதியில் இருந்தேன், அந்தக் கீலில் ஒரு நாள்கூட எண்ணெய் காயவில்லை.