சத்தமில்லாமல் ஓடிய பாட்டு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நலம். நீயும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்றால், என் போனை உன் மருமகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இந்த வயதில் மகளிடம் போனைப் பறிகொடுத்த தையல்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் தானே மெட்டமைத்து வயலினில் வாசித்த பாட்டு இணையத்தில் வந்தது உனக்குத் தெரியும். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் படுத்துக்கொண்டே கேட்கலாமாம், வாயைப் பிளந்துவிட்டேன். ஒருவர் ஒருமுறை கேட்டால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்தேன், பிளந்த வாயை மூட முடியவில்லை. ஒரு சட்டைப் பொத்தான் வாங்க ஓர் ஊரே கூடிக் கேட்க வேண்டும். பாட்டைப் பதிவு செய்ய வாங்கிய கடனோ தலைக்கு மேல் நிற்கிறது. ஊர் கூடாவிட்டால் என்ன, தகப்பன் இருக்கிறேனே என்று என் போன், உன் அக்கா போன், எதிர்க் கடையில் இரவல் வாங்கிய பழைய போன்கள் எல்லாவற்றிலும் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். அளவு சொல்கிறவர்கள் பேச்சு காதில் விழ வேண்டுமே, அதனால் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்தேன். மெஷினும் ஓடியது, பாட்டும் ஓடியது. பாட்டுக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்துவிட்டான். ஒரே இடத்தில் இத்தனை பேர் தூங்காமல் கேட்பார்களா, இது போலி என்று பாட்டையே தூக்கிவிட்டான். வர வேண்டிய சில்லறையும் நின்றுபோனது.

"உங்களை யாருப்பா இதைச் செய்யச் சொன்னது?" என்று வந்து நின்றாள்.

"உனக்காகத்தாம்மா. ராத்திரி பகலா கேட்டேன்."

"கேட்டீங்களா? எந்த எடம் புடிச்சுது, சொல்லுங்க."

"அந்த... நடுவுல வருமே."

"நடுவுல என்ன வருது?"

உள்ளேயிருந்து உன் அக்கா, "வசமா மாட்டிக்கிட்டாரு" என்றாள்.

ஆகவே மச்சான், உன் கடையில் பில் போடும் வேலை காலி என்றாயே, அதை இவளுக்கென்று பிடித்து வை. இந்த வயலின் சோறு போடாது. அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், மாதச் சம்பளத்தோடு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
போன் இல்லாத உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகிறேன், அவள் வயலினோடு கடைக்கே வந்துவிட்டாள். "இப்போ தப்பிக்க முடியாது, கேளுங்க" என்று தொங்கும் சட்டைகளுக்கு நடுவே நின்று அந்தப் பாட்டை வாசித்தாள். மச்சான், மெஷினில் இருந்த என் கால் தானாக நின்றது. தையல் கூலியைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்ற வாடிக்கைக்கார அம்மா ஒருவர், பேரத்தை மறந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓரிடத்தில் வில் அசைகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மூச்சு விட்டால் அறுந்துவிடும்போல ஓர் இழை, அதைப் பிடித்துக்கொண்டே என்னை எங்கேயோ கூட்டிப்போய் நிறுத்திவிட்டாள். நான் வளர்த்த பிள்ளைதானா என்று உற்றுப் பார்த்தேன். அதே சிடுமூஞ்சிதான். "எப்படிப்பா?" என்றாள். "ஆல்ட்டர் பண்ண ஒண்ணுமில்ல" என்றேன். அதற்கு மேல் பாராட்ட எனக்கு வராது. கடனைக் கூடுதலாக நாலு துணி தைத்து நான் அடைத்துக்கொள்கிறேன். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை: இவ்வளவையும் காசு கொடுக்காமல் கேட்டுவிட்டோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.