லோபாங்கை நான் பார்த்துக்கொண்ட விதம்

சிங்கப்பூரில் ஓட்டையை மதிக்கத் தெரிந்த ஒரே மனிதர் லோபாங்தான். மற்றவர்களெல்லாம் ஓட்டையைக் கண்டால் அடைப்பார்கள். அவர் சும்மா நிற்கிற சுவரைக் கண்டால் ஓட்டை போடச் சொல்லுவார். மலாய் மொழியில் லோபாங் என்றால் ஓட்டை. அது அவருடைய பெயர் அல்ல, நாங்கள் வைத்தது. இரண்டு வருஷம் கூட இருந்தும் அவருடைய உண்மைப் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போகப்போக இன்னும் அதிகமாகும், தயாராக இருங்கள்.

அறுபதுகளில் நடந்தது. புக்கித் தீமா பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு தவுக்கேவுக்கு, அதாவது சீன முதலாளிக்கு, திடீரென்று ஓர் ஆசை. ரப்பரை வெட்டிவிட்டு, மூங்கில், பைன், தாமரை என்று நம் வெயிலைத் தாங்கக்கூடிய சீனத்துச் செடி கொடிகளையெல்லாம் கொண்டுவந்து, ஊரே வந்து பார்க்கிற மாதிரி ஒரு தாவரத் தோட்டம் போட நினைத்தார். அதை வடிவமைக்க வந்தவர்தான் லோபாங். அறுபது தாண்டிய ஒல்லி மனிதர். கையில் எப்போதும் குடை. மலாயில் மொத்தம் ஒரு முப்பது வார்த்தை தெரியும்.

நான் அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. அதற்கு முன் தார் ரோடு போடுகிற கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கூலியாட்களை மேய்க்கிற மண்டோர் கருப்பையாவையும் அவருடைய ஆட்களையும் நான்தான் கூட்டிவந்தேன். வாழ்நாள் முழுக்க நேராகவே வேலை பார்த்துப் பழகிய கூட்டம் அது.

முதல் நாளே மோதல். வாசலிலிருந்து குளத்துக்குக் கருப்பையா கயிறு பிடித்து, ஜம்மென்று நேராகப் பாதை குறித்துவைத்தார். லோபாங் வந்தார், முளைக்குச்சியைப் பிடுங்கி எறிந்தார். குடை நுனியால் மண்ணில் கீறிக்கொண்டே, தொலைந்த தோட்டைத் தேடுகிறவர் மாதிரி இங்கும் அங்கும் வளைந்து வளைந்து குளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதுதான் பாதையாம்.

"கிராணியாரே, அந்தாளு காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரா?"

"மெதுவாப் பேசுய்யா, காதுல விழப்போவுது."

"விழுந்தா விழட்டும் லா. தமிழா புரியப்போவுது?"

எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டால் யார் உள்ளே நடந்து வருவார்கள் என்பது லோபாங்கின் கட்சி. கண்ணுக்குக் கொஞ்சம் காட்டணும், மிச்சத்தை ஒளிக்கணும். அதற்காகவே குளத்துக்கு முன்னால் ஒரு சுவர் எழுப்பினோம். எழுப்பி முடித்ததும் "லோபாங்!" என்றார். வட்டமாக ஒன்று, இலை மாதிரி ஒன்று, ஜாடி மாதிரி ஒன்று. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரே ஒரு மூங்கிலோ ஒரு கல்லோ தெரியும். கருப்பையா பவ்யமாகப் போய், "இதுக்கெல்லாம் கண்ணாடி போட்டுடலாமா?" என்று சைகையில் கேட்டார். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நம் வெயிலுக்கு ஆகாது என்று தெரிந்தும் பிடிவாதமாக நட்ட ஒரு பிளம் மரத்துக்கு அவர் ஐஸ் வைத்ததையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் வந்தால்தான் அது பூக்குமாம். சிங்கப்பூரில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? தினமும் காலையில் ஒரு லாரி ஐஸ்கட்டியை இறக்கி மரத்தடியில் அடுக்குவார். மரம் ஏமாறவில்லை. எங்கள் ஆட்கள் அதன் மேல் சோடா பாட்டிலைச் சாய்த்துவைத்து ஜில்லென்று குடித்தார்கள். பூத்ததா என்று கேட்டால் லோபாங் "பேசோ" என்பார். நாளைக்கு என்று அர்த்தம். பரிதாபப்பட்டு ஒருநாள் கருப்பையா, சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் மல்லிகை வாங்கிவந்து கிளையில் நூலால் கட்டிவிட்டார். அதைப் பார்த்து லோபாங் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிப்போயிற்று, நான்தான் முதுகில் தட்டினேன்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. வாசலில் வைக்கப்போகிற கல்வெட்டில், தவுக்கே பெயருக்கெல்லாம் கீழே, சின்ன எழுத்தில் அவர் பெயரும் இருக்கவேண்டும். தவுக்கேவும் சம்மதித்திருந்தார். அது எந்த இடம் என்று கல்வெட்டின் வரைபடத்தில் குடை நுனியால் எனக்குப் பலமுறை தொட்டுக் காட்டியிருக்கிறார்.

திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சீனாவிலிருந்து கப்பலில், தோட்டத்தில் நிறுத்திவைக்க லோபாங் வரவழைத்த ஒரு கல் வந்தது. வைக்கோலைப் பிரித்தால், ஆள் உயரக் கல். உடம்பெல்லாம் ஓட்டை. எண்ணிப் பார்த்தேன், எழுபத்திரண்டு. அடப்பாவமே, கப்பல்காரன் இப்படிப் போட்டு உடைத்திருக்கிறானே, கிழவரை நன்றாக ஏமாற்றிவிட்டார்களே என்று எனக்கு வயிறெரிந்தது. லோபாங்கோ அதைத் தடவித் தடவிப் பார்த்தார். மறுநாள் செடி எடுத்துவரப் பினாங்கு கிளம்பியவர், என் தோளைத் தொட்டு, "கிராணி, ஜாகா லோபாங்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜாகா என்றால் காவல். பார்த்துக்கொள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ரோட்டு வேலையில் மேலதிகாரி வந்து ஓட்டையைப் பார்த்துக்கொள் என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் அது அடைபட்டிருக்கவேண்டும்.

பார்த்துக்கொண்டேன்.

"கிராணியாரே, யோசிச்சுக்குங்க. அந்தாளு ஓட்டைன்னா உசிரை விடுறவரு" என்றார் கருப்பையா.

"நான் கிராணியா, நீ கிராணியா? கலக்குய்யா சிமெண்டை!"

மூன்றே நாளில் எழுபத்திரண்டையும் அடைத்து, பூசி, மேலே ஒரு கை சுண்ணாம்பும் அடித்தோம். கல் பெரிய உருளைக்கிழங்கு மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது. அன்றைக்குச் சிராங்கூன் ரோடு காப்பிக்கடையில் உட்கார்ந்து, "நான் மட்டும் இல்லன்னா அந்தத் தோட்டமே இல்லை" என்று பீற்றிக்கொண்டேன்.

பினாங்கிலிருந்து திரும்பிய லோபாங், நேராகத் தவுக்கேவை அழைத்துக்கொண்டுதான் வந்தார், கல்லைக் காட்ட. பார்த்தார். குடையை மடக்கினார். கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஓட்டை இருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அந்த ஓட்டைகள்தான் கல்லின் அழகே என்று அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் என் மரமண்டையில் ஏறியது.

தவுக்கேவின் முகம் சிவந்துபோயிற்று. "சியாப்பா?" என்றார். யார் செய்தது?

அதற்கு நான் சொல்லவேண்டிய பதில் "சாயா". நம் கடைகளில் அது டீ, மலாயில் "நான்". ரெண்டே எழுத்து. என் மனைவிக்கு எட்டு மாசம். அந்த மாசக் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமாகவேண்டும். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கருப்பையா என்னையே பார்த்தார்.

"சாயா" என்றார் லோபாங்.

தவுக்கே சீனத்தில் கால் மணி நேரம் கத்தினார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வாசல் பக்கம் கையை நீட்டி நீட்டிக் காட்டியது மட்டும் தெரிந்தது.

அடுத்த மூன்று வாரம் லோபாங்கும் நானும் கருப்பையாவும் உளியை வைத்துக்கொண்டு, பல் குத்துகிற மாதிரி அந்தக் கல்லைக் குத்தினோம். கல்லுக்குச் சேதமில்லாமல் எழுபத்தொரு ஓட்டை திரும்பி வந்தது. கடைசி ஒன்று, இடுப்பு உயரத்தில் இருந்தது. நான் உளியை வைத்ததும் கையைப் பிடித்தார். "விடு. இது கிராணி லோபாங்" என்று சிரித்தார். இந்த ஊரில் வேலைக்கு வழி கிடைத்தாலும் லோபாங் கிடைத்தது என்றுதான் சொல்லுவோம். பிறகு காற்றில் கையால் ஒரு பெரிய வயிறு வரைந்து காட்டினார். என் மனைவியைச் சொல்கிறார். நான் அழுதுவிட்டேன்.

அழுததோடு சரி. தவுக்கேவிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. வேலை நிரந்தரமாகட்டும் என்றேன். ஆனது. பிள்ளை பிறக்கட்டும் என்றேன். பெண் பிறந்தாள். பேசோ, பேசோ என்று அந்தப் பிளம் மரம் மாதிரியே நானும் காலத்தை ஓட்டினேன்.

திறப்பு விழாவன்று வாசல் கல்வெட்டில் கடைசி வரிக்கு அவர் காட்டிய இடம் வெறுமையாக இருந்தது. லோபாங் கூலியாட்களோடு பின்னால் நின்று கைதட்டினார். நன்றாகவே தட்டினார். மறுவாரம் கப்பலேறிவிட்டார். எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. சம்பளப் புத்தகத்தைப் புரட்டினேன். சீனத்தில் கையெழுத்து, பக்கத்தில் என் கையால் "லோபாங்". அதைப் படித்துச் சொல்லச் சொல்லித் தவுக்கேவிடமே நீட்டியிருக்கலாம். ஏன் கேட்கிறாய் என்பாரே என்று அதற்கும் பயம். பிறகு ஆபீஸை மாற்றியபோது அந்தப் புத்தகமும் போய்விட்டது. உங்களுக்கு அவர் பெயரைச் சொல்லமுடியாததற்குக் காரணம் நான்தான், வேறு யாருமில்லை.

இப்போதும் மழை நாளில் அங்கே போவேன். கல்லின் உச்சியில் விழுகிற தண்ணீர் உள்ளே சுற்றிச் சுற்றி, எல்லா ஓட்டை வழியாகவும் கொட்டும். அதைப் பார்க்கத்தான் அவர் அந்தக் கல்லைக் கப்பலில் வரவழைத்தார் என்று நினைக்கிறேன். ஒன்றில் மட்டும் வராது. அதன் மேல் கையை வைத்து, யாரும் பக்கத்தில் இல்லையென்றாலும் கேட்கிற மாதிரி உரக்கவே சொல்லிவிட்டு வருவேன்: "சாயா, லோபாங். சாயா."