பதினாலு சுற்றும் ஒரு செவ்வந்தி மாலையும்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வில்லாபுரத்திலிருந்து எழுமலைக்குப் போய், மாமனார் வீட்டில் என் மனைவி விட்டுவிட்டு வந்த இட்லிக் கொப்பரையை எடுத்துவர வேண்டும்.

கொப்பரையைக் கையில் வாங்கியும் விட்டேன். அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

"மச்சான், பின்னாடி வாங்க. ஒண்ணு காட்டுறேன்" என்றான் பாண்டி. என் மனைவியின் தம்பி. லேத் பட்டறையில் வேலை. இரண்டு இரும்புத் துண்டுகளைப் பிரிந்திருக்க விடமாட்டான்.

கொல்லையில் நின்றது அது. பழைய கட்டில் சட்டம், கால் வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, மணல் தள்ளும் வண்டியின் சக்கரங்கள் நாலு. கோ-கார்ட்டாம், குட்டிப் பந்தய வண்டி! கத்தரித் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே மண்ணைச் செதுக்கி, ஒரு வட்டப் பாதையும் போட்டு வைத்திருந்தான்.

"எஞ்சின் எங்க பிடிச்ச?"

குரலைத் தாழ்த்தினான். "அப்பாவோட களையெடுக்குற மிஷின்ல இருந்து கழட்டுனது. காதுகுத்துக்கு உசிலம்பட்டி போயிருக்காரு. மூணு மணிக்கு வருவாரு. அதுக்குள்ள திருப்பி மாட்டிரணும். நாளைக்குக் காலையில கத்தரிக்குக் களை எடுக்கணும்ல."

மணி ஒன்றரை. தோட்டத்தைப் பார்த்தேன். கத்தரியைவிடக் களைதான் செழிப்பாக இருந்தது.

வேறொருவன் என்றால் கொப்பரையோடு கிளம்பியிருப்பான். நான் படித்தவன். ஈர்ப்பு மையம், உராய்வு, வளைவின் ஆரம் என்று கால் மணி நேரம் விளக்கினேன்.

பாண்டி கடைசி வரை கேட்டுவிட்டு, "இம்புட்டுத் தெரியுதுல்ல, நீங்களே முதல்ல ஓட்டுங்க" என்றான்.

"பிரேக் எங்க?"

"கால் இருக்குல்ல மச்சான்."

"சரி, எஞ்சினை அமத்துற சுவிட்ச்?"

"சீட்டுக்குப் பின்னாடி இருக்கு. உங்க கைக்கு எட்டாது. நான் வந்து அமத்துறேன்."

ஏறப் போகும்போது மாமியார் ஒரு தட்டோடு வந்துவிட்டார். "பூசை போடாம புது வண்டியில ஏறுவீகளா?"

"அத்தை, சட்டப்படி பார்த்தா இது வண்டியே இல்ல. பதிவு எண் கிடையாது, விளக்கு கிடையாது..."

"சக்கரம் நாலு இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப வண்டிதேன்."

தூக்கிய காலைக் கீழே வைத்தேன். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கட்டில் சட்டத்துக்குச் சந்தனம், குங்குமம். ஸ்டியரிங்கில் என் முழங்கால் வரை தொங்கும் செவ்வந்தி மாலை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம்.

எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை.

மறுபடி உறுமியது. ம்ஹூம்! அந்த எந்திரத்தால் ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற முடியவில்லை!

இறங்கிப் பழத்தை எடுக்கப் போனேன். "அய்யய்யோ, நசுக்காம போகக்கூடாது மாப்ள!" என்று அத்தை பதறினார்.

"நல்லா மிதிங்க மச்சான்!" என்றான் பாண்டி.

திரும்ப ஏறி ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தேன். நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. வண்டி தவளைபோல ஒரு தாவு தாவியது. அந்தத் தாவலில் மாலை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி ஆக்ஸிலரேட்டரில் போய்ச் சுருண்டு இறுகிக்கொண்டது.

காலை எடுத்தேன். வேகம் குறையவில்லை. மாலையைப் பிடுங்கலாம் என்றால் குனிய வேண்டும்; குனிந்தால் கிணறு எங்கே என்று தெரியாது.

மையவிலக்கு விசை என்று உண்மையில் ஒன்று கிடையாது, அது வெறும் தோற்றம் என்று பல பேரிடம் வாதாடியிருக்கிறேன். இரண்டாவது வளைவில் அது இருந்தது.

"பாண்டி! சுவிட்ச்!"

ஓடி வந்தான். எட்டிப் பிடிக்க ஒரு முழம்தான் பாக்கி. அப்போது பார்த்து அவன் கைலி அவிழ்ந்தது. மச்சானா கைலியா என்று ஒரு கணம் யோசித்தான். கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

பிரேக் போட்டேன். ஒரு செருப்பு போனது. அடுத்த சுற்றில் இன்னொன்று.

"பெட்ரோல் எம்புட்டுடா இருக்கு?"

"ஃபுல்லா ஊத்திருக்கேன்! நீங்க ஆசையா ஓட்டுவீகன்னு!"

"போதும் மாப்ள, சாப்பிட வாங்க!" என்று அத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வர மாட்டேன் என்றா சொன்னேன்?

ஏழாவது சுற்றில் கொல்லைக் கதவு திறந்தது. மாமா! பந்தி சீக்கிரமே முடிந்துவிட்டதாம்.

மஞ்சப்பையோடு பாதையோரம் வந்து நின்றார். எங்கள் பக்கத்தில் மருமகனைப் பார்த்தால் முதலில் வரவேற்க வேண்டும், அடுத்து நலம் விசாரிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். மாமா முறை தவறாதவர்.

"வாங்க மாப்ள!"

"வணக்கம்..." என்பதற்குள் கிணறு வந்துவிட்டது. "...மாமா!" என்று அடுத்த சுற்றில் முடித்தேன்.

"பேரப்பிள்ளைக சௌக்கியமா?"

ஒன்பதாவது சுற்றில், "சௌக்கியம் மாமா!"

"சாப்டீகளா?"

பத்தாவது சுற்றில், "இல்ல மாமா!"

பதினொன்றாவது சுற்றில் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "இந்தச் சத்தத்தை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?"

பன்னிரண்டாவது சுற்றில் எனக்குத் திடீரென்று பாதையில் அக்கறை வந்துவிட்டது. பார்வையைக் கிணற்றின் மேல் வைத்துக்கொண்டு கவனமாக ஓட்டினேன்.

பதினாலாவது சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம். புகை. வண்டி உருண்டு வந்து மிகச் சரியாக மாமாவின் முன்னால் நின்றது. சிக்கியிருந்த மாலையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். வெறுங்காலோடு, மாலையும் கையுமாக, அவருக்கு வரவேற்பு கொடுக்க நிற்பவன்போல நின்றேன்.

பாண்டி எஞ்சினைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். "பிஸ்டன் இறுகிப் பிடிச்சிருச்சுப்பா. நாளைக்குக் களையெடுக்க ஆகாது."

மாமா அவன் பக்கம் திரும்பினார். எங்கள் இருவருக்கும் சேர்த்து வைத்திருந்ததை அவன் ஒருவனுக்கே கொடுத்தார். அதில் பல சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை. குறித்துக்கொள்ளத் தோன்றியது, சூழ்நிலை சரியில்லை.

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ராத்திரி தங்கிட்டுப் போங்க மாப்ள. காலையில தோட்டத்துல சும்மா கூட நின்னாப் போதும்."

கூட நிற்பது என்றால் கையில் களைக்கொத்தோடு குனிந்து நிற்பது என்று ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும், "மோர் குடிக்கிறீகளா மாப்ள?" என்று மாமா அன்போடு கேட்டார். குடித்து முடித்ததும் அடுத்த வரிசையைக் காட்டினார்.

மருமகனைத் திட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேலை வாங்கக்கூடாது என்றும் ஒரு வழக்கம் இருக்கிறதா என்று, நிமிர முடியாத இடுப்போடு இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.