'கூலி' என்று நிரப்ப மாட்டேன்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள், ஆரம்பப் பள்ளி ஆசிரியை, வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உங்கள் ரத்த அழுத்தமும் அத்தையின் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். குறைந்தபட்சம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிறவரையாவது.

நேற்று கல்வி அலுவலகத்திலிருந்து போன் செய்து, "நடந்ததுக்கு வருத்தம்னு ரெண்டு வரி எழுதி, படிவத்தைத் திருத்தி அனுப்பிடும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். நடந்தது என்னவென்று நீங்கள் கேட்கவே இல்லை. நீங்கள் அனுப்பிய தேர்ச்சிப் படிவத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே 'தகப்பனார் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. உண்மையான விவரங்களை மட்டும் நிரப்பவும் என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் அதை நம்பிவிட்டேன். என் தவறு அது ஒன்றுதான். பள்ளியின் நாற்பத்தொரு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தேன். ஒருத்தியின் அப்பா பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் கண்ணாடியை வெளியே தொங்கிக்கொண்டு துடைக்கிறவர். ஒருவனின் அப்பா அடுத்தவர் வீட்டு நாய்களை, ஆறு நாய்களை, ஒரே கையில் பிடித்து நடத்திப் போகிறவர். இன்னொருவனின் அப்பா பிண அறைக்குக் காவலர். அதை அவன் சொன்னபோது வகுப்பே பொறாமையில் வாடிப்போனது. எட்டு வயதுப் பிள்ளைக்கே இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததை நான் எதற்குச் சுருக்க வேண்டும் என்று அப்படியே தட்டச்சு செய்தேன். அப்பா இல்லாதவர்கள் ஒன்பது பேர். கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தது. 'அப்பா இல்லை' என்று அடித்தேன். அதையும் ஒரு தொழிலாக ஏற்றுக்கொண்டு நகர்ந்தது.

பிறகுதான் தெரிந்தது, உங்கள் கணினி தகப்பன் தொழில்வாரியாகப் பிரித்துத்தான் தேர்ச்சியைக் காட்டுமாம். ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைந்தால், பிள்ளை யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று எண்ணை மறைத்து நட்சத்திரக் குறி போட்டுவிடுமாம். எங்களுக்கு முப்பது பிரிவு, எதிலும் பத்துப் பேர் இல்லை. பக்கம் முழுக்க நட்சத்திரம். மறைத்ததைக் கூட்டக் கூடாது என்பதால் மொத்தத் தேர்ச்சி பூஜ்யம். ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் பூஜ்யத்தைத் தூக்கிக்கொண்டு போய், 'ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத பள்ளி' என்று தலைப்புப் போட்டார். அந்தத் தலைப்பை எங்கள் நான்காம் வகுப்பு சத்தமாக, பிழையில்லாமல் வாசித்தது.

அதற்கு உங்கள் அலுவலகம் செய்தது என்ன? வந்து ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டதா? பள்ளியை மூடி, ஆறு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியோடு இணைக்கப் போவதாகக் கடிதம் அனுப்பியது. அங்கே நடைமேம்பாலம் கிடையாது, சிக்னல் கிடையாது. லாரிக்காரனே கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற இடம். நான் போன் செய்தால் உங்கள் உதவியாளர், "மேடம், அந்த 'அப்பா இல்லை' பிரிவுல ஒன்பது பேர் இருக்காங்க. இன்னும் ஒருத்தர் இருந்தா நம்பர் வெளிய தெரியும். யாராச்சும் கிடைப்பாங்களா பாருங்க" என்கிறார். எந்த வீட்டுக்குப் போய் எந்த அப்பாவைக் கேட்பது மாமா?

நீங்கள் சொன்ன வழி அதைவிட நாகரிகமானதுதான். "எல்லாத்துக்கும் கூலின்னு போடு. ஒரே பிரிவு. முடிஞ்சுது." தெரியும். நாற்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசிக்கிறார்கள், போன வருடம் பதினேழு பேர். 'கூலி' என்று போட்டால் அது வெளியே தெரியும், பள்ளி தப்பிக்கும். ஆனால் உங்கள் தொழில் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மருத்துவருக்கு மட்டும் ஏழு உட்பிரிவு. பல் டாக்டரும் கண் டாக்டரும் தெரியாத்தனமாகக் கலந்துவிடக் கூடாதாம். பன்னிரண்டாம் மாடியில் தொங்குகிறவரும் பிணத்துக்குக் காவல் இருக்கிறவரும் மட்டும் ஒரே குவியலா? அவர்களுக்கென்று ஒரு வரி ஒதுக்க உங்கள் கணினிக்கு இடம் பத்தவில்லையா? மாட்டேன். வருத்தமும் தெரிவிக்க மாட்டேன். உண்மையை எழுதச் சொல்லிவிட்டு, எழுதியதும் பள்ளியை மூடுகிறவர்கள்தான் வருத்தப்பட வேண்டும். வேலையை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும். இந்த வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தவர் நீங்கள் என்பதற்காக என் கையெழுத்தும் உங்களுடையது ஆகிவிடாது.

அத்தைக்கு என் அன்பு. தைலத்தைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
திருத்தம் எதுவும் செய்யாத
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பள்ளி விடுகிற நேரமாகி, பிள்ளைகளின் அம்மாக்கள் வந்துவிட்டார்கள். மேலே எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன், கை தட்டுவார்கள் என்று. கண்ணாடி துடைக்கிறவரின் மனைவி, "என் வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறாருன்னு அவர் முதுகுக்குத் தெரியும் டீச்சர், கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? புள்ளைங்க அந்த ரோட்டைத் தாண்டக் கூடாது. கூலின்னு போட்டு அனுப்பிட்டு சாப்பிடப் போங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தார்கள். திருத்திய படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், நாற்பத்தொன்றும் 'கூலி'. அப்பா இல்லாத ஒன்பது பேரின் கட்டத்தில் மட்டும் என் கை நின்றது. இறந்துபோனவருக்கு எப்படித் தொழில் போடுவது என்று கேட்டேன். புருஷன் இறந்து மூன்று வருடமான, ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற அக்கா ஒருவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "போடுங்க டீச்சர். இருந்தப்ப ஒரு நாள் ஒழுங்கா வேலைக்குப் போகல. இப்பவாவது புள்ளைக்காகப் போகட்டும்."